தாவலையும் தொற்றலையும் விட்டுவிட்டீர்கள்

நிதி ஆபத்தை நிகழ்தகவால் அளப்பது பற்றிய உங்கள் கட்டுரை, டொலர் விலையின் தளம்பலைச் செவ்வன் பரம்பலை (பெரிய மாற்றங்கள் மிக அரிது என்று கொள்ளும் மணிவடிவப் பரம்பலை) வைத்தே அளந்துவிடலாம் என்கிறது. அமைதியான காலத்துக்குச் சரி. 2022 மார்ச்சில் இலங்கை மத்திய வங்கி டொலர் விலையைப் பிடித்துவைத்திருந்த பிடியை விட்டதும், மாதக்கணக்காக 203 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் ஏப்ரலில் 300ஐத் தாண்டியது. முந்தைய மாதங்களின் தரவில் தளம்பல் கிட்டத்தட்டப் பூச்சியம். ஆபத்தே இல்லை என்றுதான் உங்கள் கணித மாதிரி சொல்லியிருக்கும். பங்கு விலையில் இப்படிப்பட்ட பாய்ச்சலுக்காக நிதிப் பொருளியலாளர் மேர்ட்டன் 1976இலேயே பொய்சோன் தாவலை (எப்போதாவது திடீரென வரும் பாய்ச்சலை) தன் மாதிரியில் சேர்த்துவிட்டார்.

கடனைத் திருப்பிக் கட்டத் தவறுவது பற்றிய பகுதிதான் எனக்குப் பெரிய கவலை. ஒருவரின் தவறல் மற்றவரையும் சேர்த்து இழுக்கும் தொற்றலைப் பாராமல், ஒவ்வொரு கடனாளியும் தனித்தனி என்று வைத்து நிகழ்தகவுகளைப் பெருக்குகிறீர்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறையிலும் அது பொருந்தாது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து பெரும்போக வேளாண்மை விழுந்தபோது, அக்கம்பக்கத்து வயல்களும் சேர்ந்தே விழுந்தன. குழுக்கடனில் பிணை நிற்பவரும் அதே வயற்கண்டத்தில் வேளாண்மை செய்தவர்தானே? 5% தவறும் வாய்ப்புள்ள இருவர் தனித்தனி என்றால் இருவரும் சேர்ந்து தவறுவது 0.25%. முற்றாக ஒன்றையொன்று சார்ந்தால் அதே 5%, அதாவது இருபது மடங்கு. இந்த இடைவெளியை அடுத்த கட்டுரையில் கட்டாயம் விரிவாக எழுதுங்கள். நுண்கடன் கொடுப்பவர்களும் இதை வாசிக்கிறார்கள்.