ஐந்தாம் வார்த்தை

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் என் இடப்பக்கம் எங்கள் தெரு அக்கா உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவரை அடக்கம் செய்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. நுரையீரல் இறுகிப்போகும் நோய். கடைசி மூன்று மாதம் வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரத்தோடு இருந்தார். இரவெல்லாம் அந்த இயந்திரம் ஓடும் சத்தம் எங்கள் வீட்டு மாடிக்குக் கேட்கும்.

சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை எங்கள் சபையில் ஏழு பேர் பேசுவது வழக்கம். நான்காம் வார்த்தைக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று வாசித்தார். அந்த வசனத்தைப் பற்றி இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. கைபேசியைப் பார்த்து, "மருத்துவர்கள் நிரூபித்துவிட்டார்கள்" என்று தொடங்கினார். சிலுவையில் தொங்குகிறவனால் மூச்சை இழுக்க முடியும், விட முடியாது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஆணி அறைந்த காலை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். கடைசியில் அந்த பலமும் போய், மூச்சுத் திணறியே இயேசு இறந்தார். இதைவிடக் கொடிய சாவு உலகத்தில் கிடையாது என்றார். சொன்னதோடு நிறுத்தவில்லை. ஒலிபெருக்கியில் வாயை வைத்து மூச்சுத் திணறுவதுபோல இழுத்து இழுத்துக் காட்டினார்.

அக்கா சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. முன்வரிசையில் சிலர் "ஸ்தோத்திரம்" சொன்னார்கள்.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தங்கச்சி, நீ நர்ஸ். உண்மையைச் சொல். என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்?"

முப்பத்தொரு வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். பாதிக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில். அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பிரசங்கம் செய்கிறவர்கள், ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவர்கள், தவக்காலம் வந்தால் வாட்ஸ்அப்பில் "சிலுவை மரணம்: மருத்துவ விளக்கம்" என்று அனுப்புகிறவர்கள் தயவுசெய்து பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், அப்படி யாரும் நிரூபிக்கவில்லை.

மூச்சுத் திணறல் என்ற கருத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் பாரிசில் அறுவை மருத்துவராக இருந்த பியேர் பார்பே. ஆழ்ந்த கத்தோலிக்க பக்தர். நோயாளிகளிடமிருந்து அறுவை செய்து எடுத்த கையில் ஆணி அறைந்து, எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். உள்ளங்கை கிழிந்துவிட்டது, அதனால் மணிக்கட்டில்தான் அறைந்திருப்பார்கள் என்றார். இயேசுவின் உடலைச் சுற்றியது என்று பலர் நம்பும், தூரின் நகரத்தில் இருக்கும் துணியையும் பெரிய ஆதாரமாக எடுத்துக்கொண்டார். அந்தத் துணியை 1988-இல் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தபோது அது 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்று முடிவு வந்தது. மூச்சுக்கு அவருக்குக் கிடைத்த சான்று, இருபதாம் நூற்றாண்டுப் போர்க்காலங்களில் கைதிகளைக் கையைக் கட்டித் தொங்கவிட்ட சித்திரவதைகள். கைகளைத் தலைக்கு நேர் மேலே சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டால் மூச்சு போவது உண்மை. சிலுவையிலோ கைகள் பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன. இரண்டும் ஒன்றல்ல.

அதைத்தான் அமெரிக்காவில் ஃபிரெடரிக் சுகிபே சோதித்துப் பார்த்தார். நியூயார்க் மாநிலத்தில் ராக்லண்ட் பகுதியின் தலைமை மருத்துவப் பரிசோதகர். பிரேதப் பரிசோதனையே அவருடைய தொழில். அவரும் பக்தியுள்ள கத்தோலிக்கர். தாமாக முன்வந்தவர்களைச் சிலுவையில் ஆணியில்லாமல் கையைப் பிணைத்துத் தொங்கவைத்து, மூச்சையும் இதயத்துடிப்பையும் ரத்தத்தில் ஆக்சிஜனையும் அளந்தார். தோள் வலித்தது, கை வலித்தது. மூச்சுத் திணறல் வரவில்லை. அடியும் ரத்தப்போக்கும் சேர்ந்து உடலின் ரத்த ஓட்டமே சரிந்துபோகும் அதிர்ச்சி நிலையே காரணம் என்பது அவர் முடிவு. அந்தச் சோதனைக்கும் குறை உண்டு. அவர்கள் யாரும் வாரினால் அடிக்கப்பட்டவர்கள் அல்லவே!

நம் ஊர்ப் பிரசங்கங்களில் அடிக்கடி வரும் கட்டுரை 1986 மார்ச்சில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. எழுதியவர்கள் மேயோ கிளினிக்கின் நோய்க்குறியியல் மருத்துவர் வில்லியம் எட்வர்ட்ஸ், ஒரு போதகர், ஒரு மருத்துவ ஓவியர் ஆகிய மூன்று பேர். ரத்த இழப்பால் வந்த அதிர்ச்சியும், களைத்துப்போய் மூச்சு அடங்கியதும் சேர்ந்தே காரணம் என்றார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1847-இல், வில்லியம் ஸ்ட்ரௌட் என்ற மருத்துவர் இதயம் வெடித்துத்தான் இறந்தார் என்று எழுதியிருந்தார். நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்தது என்று சொன்னவர்களும் உண்டு. இப்படி எல்லாரும் எழுதியதை மேத்யூ மாஸ்லனும் பியர்ஸ் மிட்செலும் ஒன்றாக வைத்து ஆராய்ந்து 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிலுவையில் மனிதர் எதனால் இறந்தார்கள் என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. வாட்ஸ்அப்பில் இது மட்டும் வருவதே இல்லை.

சான்று என்று கையில் எடுத்துப் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு குதிகால் எலும்பு. 1968-இல் எருசலேமின் வடபகுதியில் ஒரு பழைய கல்லறையில் எலும்புகளைச் சேர்த்துவைக்கும் கற்பெட்டி ஒன்று கிடைத்தது. மேலே யோகனான் என்று பெயர் வெட்டியிருந்தது. உள்ளே வலது குதிகாலில் பதினொன்றரை சென்டிமீட்டர் நீள இரும்பாணி, பக்கவாட்டில் ஏறி இன்னும் நிற்கிறது. ஆணியின் முனை வளைந்திருந்தது; பிடுங்க வராமல் எலும்போடேயே இறக்கியிருக்கிறார்கள். ஒலிவ மரத் துணுக்கும் ஒட்டியிருந்தது. ரோமர்கள் ஆயிரக்கணக்கில் சிலுவையில் அறைந்தார்கள். ஸ்பார்ட்டகஸ் கலகம் அடங்கியபோது மட்டும் ஆறாயிரம் பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் அறைந்து நிறுத்தினார்கள். இருந்தும் ஆணியோடு நமக்குக் கிடைத்த எலும்புகள் மிக மிகச் சில. அந்தக் குதிகாலின் படத்தை முதன்முதலில் பார்த்த நாளில், எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரோ ஒருத்தி, தாயோ மனைவியோ, அந்தக் காலை மடியில் வைத்து ஆணியைப் பிடுங்கப் பார்த்து, முடியாமல், அப்படியே துணியில் சுற்றியிருப்பாள் என்றே தோன்றியது.

யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர் தம் வாழ்க்கைக் குறிப்பில் ஒன்று சொல்கிறார். சிலுவையில் தொங்கியவர்களில் தமக்குத் தெரிந்த மூன்று பேரைக் கண்டு, கண்ணீரோடு ரோமத் தளபதி தீத்துவிடம் போய்க் கேட்டிருக்கிறார். உடனே இறக்கி வைத்தியம் பார்க்க உத்தரவானது. இரண்டு பேர் வைத்தியர் கையிலேயே இறந்துபோனார்கள், ஒருவர் பிழைத்தார். சிலுவையிலிருந்து இறக்கியவனுக்கு மருந்து போட்ட கை ஒன்று அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது! செவிலியர் என்ற முறையில் எனக்கு மிகவும் நெருக்கமான வரலாற்றுக் குறிப்பு இது.

இப்போது சுவிசேஷத்துக்கு வருகிறேன். பிரசங்கத்தில் அரை மணி நேரம் ஆணியைப் பற்றிக் கேட்கிறோமே, மாற்கு எத்தனை வார்த்தை எழுதினார்? "அவரைச் சிலுவையில் அறைந்தபின்பு" என்று மூன்றே வார்த்தை. அடுத்த மூச்சில் வஸ்திரத்துக்குச் சீட்டுப்போட்டதற்குப் போய்விடுகிறார். ஆணி எங்கே அறைந்தார்கள் என்று நாலு சுவிசேஷத்திலும் அந்த இடத்தில் ஒரு சொல்கூட இல்லை. உயிர்த்தெழுந்த பிறகு தோமா ஆணிகளின் காயத்தைக் காண வேண்டும் என்று கேட்கும்போதே ஆணி என்ற சொல் வருகிறது. அவர்கள் சிலுவையை நேரில் கண்ட தலைமுறை. வலியை விவரித்துத்தான் நம்பிக்கை வர வேண்டும் என்றிருந்தால் எழுதத் தெரியாமலா விட்டார்கள்?

மாற்குவின் கணக்கில் மூன்றாம் மணியிலிருந்து ஒன்பதாம் மணி வரை ஆறு மணி நேரம். இதற்குள் இறந்துவிட்டாரா என்று பிலாத்து ஆச்சரியப்பட்டு, நூற்றுக்கு அதிபதியைக் கூப்பிட்டுக் கேட்டான் என்றும் அவரே எழுதுகிறார். நாள்கணக்கில் தொங்கிச் செத்தவர்கள் இருந்தார்கள். நான் பார்த்த வார்டுகளில் தீக்காயத்தோடு பதினெட்டு நாள் கிடந்து போன பெண்கள் இருக்கிறார்கள். ஆகவே, உலகத்திலேயே அதிகம் வலித்தது இயேசுவுக்குத்தான் என்று நிறுவப் பார்க்காதீர்கள். அந்தப் போட்டி அவருக்குத் தேவையில்லை. வலி இவ்வளவு இருந்தால்தான் மீட்பு என்று எந்த விசுவாச அறிக்கையும் சொல்லவில்லை. அங்கே இருந்தவர் யார் என்பதிலேயே எங்கள் விசுவாசம் நிற்கிறது. இதைவிடக் கொடிய சாவு கிடையாது என்று நீங்கள் மேடையில் சொல்லும்போது, அப்படி ஒரு சாவை வீட்டுக்குள் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற ஒருத்தியிடம், உன் வீட்டில் நடந்தது சின்னது என்று சொல்லிவிடுகிறீர்கள்.

மருத்துவ ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் உண்மையில் சாகவில்லை, மயங்கித்தான் போனார் என்று சொல்வோருக்குப் பதில் சொல்ல அது உதவியிருக்கிறது. விலாவில் குத்தியபோது ரத்தமும் தண்ணீரும் வந்தது என்று யோவான் எழுதியதை, நெஞ்சுக்கூட்டில் நீர் சேர்ந்த நோயாளிக்கு ஊசி போட்டு எடுக்கும்போது பக்கத்தில் நின்ற என்னால் சாதாரணமாக வாசித்துப் போக முடியாது. தேவன் மாம்சமானார் என்று நம்புகிறோம். மாம்சம் என்றால் ரத்தம், சலம், வியர்வை எல்லாம்தான்.

ஆனால் அந்தக் கட்டுரைகளில் பெரிதாக வராத ஒன்று இருக்கிறது. வெட்கம். சிலுவை சாகடிப்பதற்கு மட்டும் உண்டானதல்ல. ஊர் பார்க்க, உடுப்பில்லாமல், போகிறவன் வருகிறவன் தலையைத் துலுக்கிப் பரியாசம் பண்ணும்படி நிறுத்துவதற்கு உண்டானது. அவமானத்தை எண்ணாமல் சிலுவையைச் சகித்தார் என்று எபிரெயர் நிருபம் சொல்வது அதைத்தான். என் அனுபவத்தில், வலியால் அலறுகிற நோயாளிகூட, மருத்துவர்கள் கூட்டமாக வரும்போது ஒரு கையால் போர்வையைத் தேடுவார். "சிஸ்டர், மூடிவிடுங்கள்" என்று கெஞ்சுகிற கிழவர்கள் எத்தனை பேர்! இதைப் பற்றி ஒரு பெரிய வெள்ளியில் யாராவது பேசமாட்டார்களா என்று ஆண்டுதோறும் காத்திருக்கிறேன்.

வலியை எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பதில் பிரான்சின் கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மத்தியாஸ் குரூனெவால்ட் 1512 முதல் 1516 வரை வரைந்த பீடப்படம். ஈசன்ஹைம் என்ற ஊரில், புனித அந்தோணியாரின் பெயரிலான துறவிகள் நோயாளிகளைப் பராமரித்த மடத்துக்காக வரைந்தது. அங்கே வந்தவர்களுக்கு, பூஞ்சை பிடித்த ரை என்ற தானியத்தைத் தின்றதால் வரும் ஒரு நோய். கைகால் தீயாய் எரியும், பிறகு கறுத்து அழுகும். அந்தப் படத்தில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் தோல் பச்சை படர்ந்து, உடல் முழுவதும் புண்ணாக இருக்கிறது. விரல்கள் விறைத்து விரிந்திருக்கின்றன. நடக்க முடியாதவர்கள் அதன் முன்னால் கிடந்து, தங்கள் தோலை அங்கே பார்த்தார்கள். "உன்னைவிட எனக்கு அதிகம்" என்று அந்தப் படம் சொல்லவில்லை. "உனக்கு வந்தது எனக்கும் வந்தது" என்கிறது. அந்த ஓவியனுக்குத் தெரிந்தது நம் பிரசங்க மேடைகளுக்குத் தெரிய வேண்டாமா?

அக்காவுக்கு அன்று வாசலில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். கணவருக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதிக் கொடுத்திருந்தார். மூச்சிரைப்பின் தவிப்பை அது தணிக்கும். கடைசி நாளில் கரியமில வாயு ரத்தத்தில் ஏறி ஒரு மயக்கமும் வந்திருந்தது. "அந்த மனிதர் மேடையில் காட்டியது உங்கள் வீட்டுக்காரருக்கு நடக்கவில்லை. இயேசுவுக்கு நடந்தது என்றும் எவராலும் அடித்துச் சொல்ல முடியாது" என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். கடைசி இரவு அவர் கணவர் முகமூடியை விலக்கித் தண்ணீர் கேட்டிருக்கிறார். புரை ஏறிவிடும், வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இவருக்கு மனம் கேட்கவில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்திருக்கிறார். அவர் அதைச் சப்பினார். விடியற்காலையில் போய்விட்டார். தான் வைத்த தண்ணீரால்தானோ என்று ஆறு வாரமாக இந்தப் பெண் தூங்கவில்லை.

"நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் அக்கா. வார்டில் செய்துமிருக்கிறேன். அதனால் யாரும் சாவதில்லை" என்றேன்.

ரத்தம் இழந்த மனிதன் முதலில் கேட்பது தண்ணீர். எந்த மருத்துவர் சொன்ன காரணம் சரியாக இருந்தாலும், சிலுவையில் அந்தத் தாகம் இருந்திருக்கும். மேசையில் கிடந்த வேதாகமத்தில் யோவான் பத்தொன்பதாம் அதிகாரத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். "தாகமாயிருக்கிறேன்" என்ற ஐந்தாம் வார்த்தை வரை வந்து, மேலும் வாசித்தார். காடியில் கடற்காளானைத் தோய்த்து, ஈசோப்புத் தண்டில் மாட்டி, அவர் வாயினிடத்தில் நீட்டிக் கொடுத்தார்கள் என்ற இடத்தில் நிறுத்தி, கடற்காளான் என்றால் என்ன என்று கேட்டார்.

கடலில் கிடைப்பது, மெத்தென்று இருக்கும், தண்ணீரில் போட்டால் உறிஞ்சிக்கொள்ளும் என்று சொன்னேன்.

"பஞ்சு மாதிரியா?" என்றார்.