கரண்ட் தானாக வந்துவிடவில்லை

சனிக்கிழமை நடந்த வரலாற்றுக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரின் ஜூரோங் தொழிற்பேட்டையின் வரலாறு என்று அவ்வளவு நேரம் பேச்சு. சதுப்பு நிலம், 1961, அன்றைய நிதியமைச்சர் கோ கெங் சுவீ, இரும்பாலை, வெளிநாட்டு முதலீடு எல்லாம் வந்தது. மின்சாரத்துக்கு ஒரே வரி: ‘மின்வசதியும் செய்து தரப்பட்டது.’ யார் செய்து தந்தது? வானத்திலிருந்து இறங்கியதா? முன்வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார், மைக் அவர் பக்கம் போகவே இல்லை.

கரண்ட் தானாக வரவில்லை ஐயா. 1906இல் டிராம் கம்பெனியிடம் வாங்கித்தான் இங்கே தெருவிளக்கு எரிந்தது. நகராட்சி தானே தயாரிக்க ஆரம்பித்தது 1927இல், செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையத்தில், நிலக்கரி எரித்து. போருக்குப் பிறகு அது போதாமல் 1950களில் பாசிர் பாஞ்சாங் மின்நிலையம். 1963இல் மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றும் பியுபி என்ற பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கைக்குப் போயின. 1970களின் தொடக்கத்தில் ஜூரோங்கிலேயே ஒரு மின்நிலையம், எண்ணெயில் ஓடியது. இத்தனையும் ஒரு வரியா?

என் அப்பா அப்படியொரு கொதிகலன் பக்கம் நின்றவர். அந்த எண்ணெய் தார் மாதிரி, சூடாக்கினால்தான் ஓடும். பர்னரை உருவியெடுத்து, நுனியில் கட்டிப்போன கரியைச் சுரண்டி, மறுபடி மாட்ட வேண்டும். கொஞ்சம் அடைத்தாலும் புகைபோக்கியில் கரும்புகை, அப்புறம் மேலேயிருந்து திட்டு. அவர் சட்டையை அம்மா தனி வாளியில்தான் ஊறப்போடுவார். எங்கள் துணியோடு சேர்த்தால் எல்லாமே நாறும்.

‘எதிலும் நம்ம ஆளைத் தேடாதே’ என்று ஒருவர் அதற்குள் மெசேஜ் அனுப்பிவிட்டார். நம்ம ஆள் மட்டும் என்று நான் எங்கே சொன்னேன்? சீனர், மலாய்க்காரர் எல்லோரும் அதே வெக்கையில்தான் நின்றார்கள். அவர்களையும்தான் யாரும் சொல்லவில்லை. ‘நேரம் போதவில்லை’ என்பீர்கள். சரி, ஸ்பான்சர்களுக்கு ஒவ்வொருவராக நன்றி சொல்ல மட்டும் நேரம் இருந்தது. ‘புகை கக்கிய நிலையங்கள், போனதே நல்லது’ என்றால், அதில் நியாயம் உண்டு. 1992இல் மலேசியாவிலிருந்து குழாயில் எரிவாயு செனோக்கோ மின்நிலையத்துக்கு வந்தது. இன்று நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு எரிவாயுவில்தான். நல்லது. புகையோடு சேர்த்து ஆளையும் துடைக்கணுமா?

செயின்ட் ஜேம்ஸ் கட்டடம் தேசிய நினைவுச்சின்னம். நடுவில் இரவு விடுதியாக இருந்தது, இப்போது டைசன் கம்பெனியின் அலுவலகம். செங்கலுக்குக் கிடைத்த மரியாதை! வெளியாரைச் சொல்லி என்ன, என் பிள்ளைகளே தாத்தா ‘பியுபி’யில் இருந்தார் என்றால் தண்ணீர் இலாகா என்றுதான் நினைக்கிறார்கள். பாவம், இப்போதைய பியுபி அதுதானே.

பாசிர் பாஞ்சாங்கிலோ ஜூரோங்கிலோ ஷிப்டு பார்த்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் கீழே எழுதுங்கள். எந்தப் பிரிவு, என்ன வேலை, கேன்டீனில் என்ன சாப்பாடு, எதுவானாலும் சரி. லைக் எல்லாம் வேண்டாம்.