பொலிவியா கடலையே கண்டதில்லையா?

‘கடலே கண்டிராத பொலிவியா, கடற்படை வைத்து மக்கள் பணத்தை வீணடிக்கிறது’ என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இன்று அந்நாட்டுக்குக் கடற்கரை இல்லை என்பது உண்மை. கண்டதே இல்லை என்பது பொய்.

அந்தோஃபகாஸ்தா துறைமுகம் ஒருகாலத்தில் பொலிவியாவுடையது. அந்தப் பாலைவனக் கரையில் வெடியுப்பு எடுத்த சிலி நிறுவனத்தின் மீது 1878-இல் பொலிவியா, குவிண்டாலுக்கு 10 சென்டாவோ வரி விதித்தது. அந்தச் சில்லறை வரியில் மூண்ட தகராறு மறு ஆண்டே போராக வெடித்தது. கரை முழுவதும் சிலியின் கைக்குப் போய்விட்டது. 1904 ஒப்பந்தம் அதை உறுதிசெய்தது. கடல்வழி குறித்துப் பேச்சு நடத்தும் கடமை சிலிக்கு இல்லை என்று 2018-இல் சர்வதேச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

லா பாஸ் நகரில், அந்தப் போரில் உயிர்விட்ட எதுவார்தோ அபரோவாவின் சிலை இருக்கிறது. விழுந்து கிடந்தபடியே கையை முன்னால் நீட்டிக் காட்டுகிறார். அவர் இறந்த மார்ச் 23-ஐ அங்கே ‘கடல் நாள்’ என்று அனுசரிக்கிறார்கள். இழப்பின் வலியை அறியாமல் கேலி செய்வது வருத்தமளிக்கிறது.

கடற்படைக்கும் வேலை உண்டு. சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் டிட்டிகாக்கா ஏரியிலும், அமேசானோடு சேரும் ஆறுகளிலும் அது ரோந்து செல்கிறது.

அதே செய்தியில் தலைநகர் லா பாஸ் என்றும் இருக்கிறது. அங்கே அரசு இயங்குகிறது. அரசியலமைப்புப்படி தலைநகர் சூக்ரே.