பன்றித் தொட்டிக் காட்சிக்காவது சிரித்திருக்கலாம்

'சிமோன்' (2002) என்ற ஹாலிவுட் படத்தைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், அதில் சிரிப்பே வரவில்லை என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இயக்குநராக வரும் அல் பசீனோ, சிமோன் என்ற நடிகையைக் கணினியில் செய்து நிஜப் பெண் என்று ஊரை நம்பவைக்கிறார். பிறகு அவள் பெயரைக் கெடுக்க அவளைப் பன்றிகளோடு தொட்டியில் தின்னவிட்டுப் படம் எடுக்கிறார். ஜனங்கள் அதையும் துணிச்சலான கலை என்று கொண்டாடுகிறார்கள்! நாயகர்களுக்குப் பாலாபிஷேகம் செய்யும் நாம் இதற்குச் சிரிக்காமல் வேறு எதற்குச் சிரிப்பது?

ஆனால் கடைசிப் பகுதி இழுவைதான். கொலைவழக்கு, கைது என்று போனதும் நகைச்சுவை காணாமல் போகிறது. செங்கோட்டையில் எங்கள் வீட்டில் தமிழ்ப் படமும் மலையாளப் படமும் மாறி மாறி ஓடும். இந்தக் கதை மலையாள நடிகரும் கதாசிரியருமான சீனிவாசன் போன்ற ஒருவர் கையில் கிடைத்திருந்தால் அந்த இடத்திலும் சிரிக்க வைத்திருப்பார் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

அப்புறம், கணினியில் செய்த ஆள் நடிப்பதைப் பற்றி "இதெல்லாம் நடக்குமா" என்று கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். 2014-ல் 'கோச்சடையான்' படத்தில் மறைந்த நாகேஷைக் கணினியில் கொண்டுவந்தார்கள். 2024-ல் விஜய் படத்தில் மறைந்த விஜயகாந்தும் அப்படியே வந்தார், தியேட்டரே விசிலடித்தது. இத்தனைக்கும் 'சிமோன்' படத்தில் கணினி நடிகையாக வந்தவர் நிஜப் பெண். ரேச்சல் ராபர்ட்ஸ் என்ற மாடல் அழகிதான் நடித்தார்.