உயரம் மட்டும் கோல் போடாது
ஹேண்ட்பாலில் (கையால் பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம்) உயரமான ஐரோப்பிய அணிகளிடம் ஆசியப் பெண்கள் தாக்குப்பிடிக்க முடியாது என்று உங்கள் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 2022-ல் வட மாசிடோனியாவின் ஸ்கோப்யேயில் நடந்த 18 வயதுக்குட்பட்ட மகளிர் உலக ஹேண்ட்பால் போட்டியில் தென் கொரியா எல்லா ஆட்டத்திலும் ஜெயித்து, இறுதியில் டென்மார்க்கை 31-28 என்று வீழ்த்தியதே! உயரமான ஷூட்டர் ஓடிவந்து எம்பி எறிய இடம் வேண்டும். தடுக்கும் நம் ஆறு பேரும் கோலுக்கு முன்னாலுள்ள 6 மீட்டர் கோட்டை ஒட்டிச் சுவராக நின்றால் அந்த இடத்தை நாமே தாரை வார்க்கிறோம். பந்து அவர் கைக்கு வரும்போதே நம் தடுப்பாளர் ஒருத்தி 9 மீட்டர் கோடு வரை ஏறிப்போய், எறியும் கையின் பக்கமாக மறித்துவிட வேண்டும். ஆபத்தும் உண்டு: முதுகுக்குப் பின்னால் விழும் இடைவெளியில் பிவட் (6 மீட்டர் கோட்டருகே நம் தடுப்பாளர்களுக்கு நடுவே நிற்கும் எதிரணி வீராங்கனை) புகுந்துவிடுவார். பக்கத்தில் நிற்பவர் உடனே உள்ளே நகரவில்லையென்றால், தாமதமாக இழுத்துப் பிடித்து, எதிரணிக்கு 7 மீட்டர் தண்டனை எறிதலும் நம் ஆட்டக்காரருக்கு இரண்டு நிமிட வெளியேற்றமும்தான் மிச்சம். இதற்குத் தேவை பக்கவாட்டுக் கால்வேகம். அதைத்தான் பயிற்சியில் வளர்க்க வேண்டும்.