மடியில் கனமும் கழுத்தில் நாடாவும்

கழுத்தில் தொங்கவிடுகிற பாஸ்போட் பை ஒன்று வாங்கலாமா என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் பை வியாபாரி இல்லை. போன மாதம் என் கழுத்தில் கிடந்த சிவப்புத் தடத்தைக் கண்டவர்கள்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் இன்பொக்ஸில் பதில் எழுதப் பொறுமை இல்லை, அதனால் இங்கேயே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தத் தடத்தின் கதை. சென்னைக்குப் போவதற்காக ஒரு விடியற்காலை கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். புறக்கோட்டையில் இறங்கி கட்டுநாயக்க எயார்போட்டுக்கு 187ஆம் இலக்க பஸ் எடுப்பதாகத் திட்டம். மச்சான் பரிசாகத் தந்த நைலோன் பை கழுத்தில், சேர்ட்டுக்கு மேலே. பாஸ்போட், டிக்கெட் பிரிண்ட், கொஞ்சம் டொலர் எல்லாம் அதற்குள். பெரிய பயணி மாதிரி ஒரு மிடுக்கு வேறு. புறக்கோட்டையில் ‘பஹின்ன, பஹின்ன’ (இறங்குங்கள், இறங்குங்கள்) என்று கொண்டக்டர் சிங்களத்தில் கத்த, பஸ் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்க, சீட்டுக்கு அடியில் வைத்த பேக்கை எடுக்கக் குனிந்தேன். சீட்டின் மூலையில் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புப் பிடி இருக்குமே, நாடா அதில் போய் விழுந்தது எனக்குத் தெரியாது. நிமிர்ந்து இரண்டு எட்டு வைத்தேன், கட்டிப்போட்ட மாடு மாதிரி பின்னுக்கு இழுபட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர் முன்னுக்குத் தள்ளுகிறார், கொண்டக்டர் என்னைப் பார்த்தே கத்துகிறார், நாடாவோ அறுகிற மாதிரி இல்லை (மச்சான் நல்ல தரமாகத்தான் வாங்கியிருக்கிறார், குறை சொல்லக் கூடாது). பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மா எட்டி நாடாவைக் கழற்றிவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

இதற்குத்தான் ‘சேஃப்டி’ நாடா என்று ஒன்று விற்கிறார்களே என்பீர்கள். பிடரிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பூட்டு, பலமாக இழுத்தால் தானாகக் கழன்றுவிடும், கழுத்து தப்பிவிடும். மெஷின்களுக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது அவசியம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், இழுத்தால் கழன்றுவிடும் என்றால் இழுக்கிறவன் யாராக இருந்தாலும் கழன்றுவிடும். நானும் ஒன்று வாங்கினேன். வெள்ளவத்தை ஸ்டேஷனில் காலை நேரம் ஏறுகிற கூட்டம் உங்களுக்குத் தெரியும், மூன்றாம் நாளே யாரோ ஒருவருடைய முழங்கை பட்டு என் சீசன் டிக்கெட் பிளாட்ஃபோமில் கிடந்தது. தண்டவாளத்தில் விழுந்திருந்தால் கோச்சி (ரயில்) போகும்வரை நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆக, பூட்டுக் கழன்றால் சாமான் போய்விடும், கழலாவிட்டால் கழுத்துப் போய்விடும். பாஸ்போட்டைக் கழுத்தில் மாட்டுவதே பிழையான யோசனை என்ற முடிவுக்கு நான் வந்தது இப்படித்தான்.

கவனிக்கவும், பாஸ்போட்டைத்தான் சொல்கிறேன். சீசனைக் கழுத்தில் மாட்டலாம். கோட்டை ஸ்டேஷன் வாசலில் செக்கர்மார் நிற்கும்போது கூட்டத்தோடு கூட்டமாக நடந்தபடியே அதைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகலாம், ஒருவரும் நின்று பேக்கைக் கிண்டி ஆயிரம் பேரை மறிக்கத் தேவையில்லை. அதைத் திருடினாலும் திருடுகிறவனுக்குப் பெரிதாக இலாபம் இல்லை. அடிக்கடி காட்ட வேண்டிய பொருள் வெளியே தொங்கட்டும். ஒரு பயணத்தில் இரண்டு தரமோ மூன்று தரமோ மட்டும் காட்டிவிட்டு மீதி நேரமெல்லாம் ஒளித்து வைக்க வேண்டிய பொருள் உள்ளேதான் இருக்க வேண்டும். கடைக்காரர்கள் இந்த இரண்டுக்கும் ஒரே பையை விற்கிறார்கள், நாங்களும் வாங்கிக்கொள்கிறோம். கோட்டைக்கு நேரெதிரே நடைபாதையில் தொங்குவதும் அதுதான், மோலில் பத்து மடங்கு விலைக்குக் கண்ணாடிக்குள் இருப்பதும் அதுதான்.

ரயில் டிக்கெட்டே தனிக் கதை. அந்தத் தடித்த சின்ன மட்டை டிக்கெட் இருக்கிறதே, எட்மண்ட்சன் டிக்கெட் என்று பெயர், 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் கண்டுபிடித்தது, கிட்டத்தட்ட 57க்கு 30 மில்லிமீற்றர். உலகத்தில் அநேகமான நாடுகள் அதைக் கைவிட்டுவிட்டன, நாங்கள் இன்னும் விடவில்லை. எனக்கு அதில் ஒரு பிரியம் உண்டு. ஆனால் எந்தப் பையில் போட்டாலும் அது காணாமல்தான் போகும், இறங்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் வாசலில் நின்று எல்லாப் பொக்கெட்டையும் தட்டுகிறவர்களை தினமும் பார்க்கிறேன். அதற்கு என்னிடம் ஒரே வழி, போன் கவருக்குள் சொருகுவது. சரி, அதை விடுவோம்.

‘மடியில் கனமிருந்தால் வழியில் பயம்’ என்று பழமொழி. கொழும்புத் தமிழனுக்கு அது யுத்த காலத்தில் தலைகீழாக இருந்தது. மடியில் ஐசி, அதாவது அடையாள அட்டை, இல்லாவிட்டால்தான் வழியில் பயம். செக்பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி வரிசையில் விடுவார்கள். வடக்கு கிழக்கில் எடுத்த அட்டையில் தமிழும் சிங்களமும் இருக்கும், கொழும்பில் எடுத்ததில் சிங்களம் மட்டும். ஆள் எந்த ஊர் என்பதை அட்டையைக் கையில் வாங்கிய கணத்திலேயே கண்டுபிடித்துவிடலாம், பிறகு கேள்விதான். அட்டையோடு, எங்கே தங்கியிருக்கிறோம் என்ற பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்க வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்களே, மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அவர்களில் எத்தனையோ பேரிடம் எல்லாத் துண்டும் ஒழுங்காக இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அம்மா, குப்பை போடக் கேட் வரைக்கும் போகிறவனையும் ‘ஐசி இருக்கா?’ என்று கேட்டுத்தான் விடுவா.

அந்த நாட்களில் அம்மா எனக்குச் செய்து தந்தது ஒரு சின்னத் துணி உறை. பழைய தலையணை உறையை வெட்டித் தைத்தது, பெனியனுக்கு உள்பக்கம் இடது மார்புக்குக் கீழே இரண்டு ஊசிப்பின் கொண்டு குத்தியது. வெயிலில் வேர்வை ஊறி லமினேட் பண்ணிய பழைய ஐசியின் ஓரம் பிரிந்து, உள்ளே என் படத்தின் காதுப்பக்கம் மஞ்சளாகிவிட்டது. ‘படம் ஏன் இப்படி?’ என்று ஒரு செக்பொயின்டில் பத்து நிமிடம் மறித்தார்கள். அடுத்த நாள் அம்மா உறைக்குள்ளே பால்மா பைக்கற்றின் உள்தாளைக் கழுவிக் காயவைத்து வெட்டி வைத்துவிட்டா. அதற்குப் பிறகு ஒரு துளி ஈரம் போகவில்லை. இப்போது கடையில் ‘வோட்டர்புரூஃப் லைனிங்’ என்று எழுதி விற்கிறார்கள், வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

2017இல் வந்த ஸ்மார்ட் ஐசி பிளாஸ்டிக், வேர்வைக்குப் பயமில்லை, வங்கி அட்டை அளவுதான். பாஸ்போட் அப்படி இல்லை. அது 125க்கு 88 மில்லிமீற்றர், எந்த நாட்டுப் பாஸ்போட்டும் அதே அளவு, தடிப்பும் உண்டு, வளைக்கவும் கூடாது. காற்சட்டைப் பின்பொக்கெட்டில் வைத்து நீர்கொழும்பு வரைக்கும் உட்கார்ந்து போனால் அது வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். மார்பில் தொங்கினால் சேர்ட்டுக்கு மேலே புடைத்துக்கொண்டு ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று சொல்லும்.

எங்கள் முன்னோர் இதையெல்லாம் எப்போதோ யோசித்து முடித்துவிட்டார்கள். அம்மம்மாவிடம் ஒரு கொட்டப்பெட்டி இருந்தது, பனையோலையில் இழைத்தது, ஒன்றுக்குள் ஒன்று சொருகி மூடும். காசும் பாக்குச் சீவலும் அதற்குள், பெட்டி இடுப்பில் சேலைக்குள். யாழ்தேவி ரயிலில் கோட்டைக்கு வந்து இறங்கும்வரை அந்த இடத்தில் இருந்து அவவின் கை விலகாது. எந்தத் திருடனும் கிழவியின் இடுப்பில் கைவைக்க மாட்டான், வைத்தால் கோச்சியே திரளும். புறக்கோட்டை முதலாளிமார் சாரத்துக்கு மேலே கட்டுகிற அகலமான பெல்ட்டும் அதே யோசனைதான், பட்டன் போட்ட இரண்டு மூன்று பொக்கெட், உடம்போடு ஒட்டி இருக்கும், எங்கேயும் தொங்காது. எங்கள் பக்கத்து வீட்டு ஹாஜியார் மக்காவுக்குப் போகும்போது கட்டிய பெல்ட்டைக் காட்டினார். இஹ்ராம் உடை தைக்காத துணி, பொக்கெட் என்று ஒன்றுமே கிடையாது, இடுப்பில் அந்த பெல்ட் இல்லாவிட்டால் காசுக்கும் கடதாசிக்கும் இடமே இல்லை என்றார். குழுவில் தந்த கழுத்துப் பையும் இருந்தது, குழுவின் பெயரும் போன் நம்பரும் அச்சடித்தது. அதில் என்ன வைத்தீர்கள் என்றேன். ‘ஹோட்டல் கார்ட்டும் இரண்டு பெனடோலும்’ என்றார். இவ்வளவுதான் நான் சொல்ல வருவதும். காணாமல் போகிறவரைக் கண்டுபிடிக்க உதவுகிற பொருள் வெளியே இருக்கட்டும், காணாமல் போகக் கூடாத பொருள் வயிற்றோடு இருக்கட்டும்.

இப்போது எல்லாப் பையிலும் எழுதியிருக்கும் இன்னொரு வார்த்தை ‘ஆர்எஃப்ஐடி பிளொக்கிங்’. யாரோ தூரத்தில் நின்று மெஷின் வைத்து உங்கள் அட்டையை வாசித்துவிடுவானாம், இந்தப் பை அதை மறிக்குமாம். தட்டிக் காசு கட்டுகிற வங்கி அட்டை ஒரு சில சென்ரிமீற்றருக்குள் வந்தால்தான் பேசும், கடையில் மெஷினில் ஒட்டவைத்தும் சில நேரம் பேசாது, நாங்கள் எல்லோரும் பார்த்ததுதானே. மின்னணு சிப் வைத்த பாஸ்போட்டுகளிலும் அநேகமாக, முகப்படம் இருக்கும் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரியை முதலில் வாசிக்காமல் சிப்பைத் திறக்க முடியாதபடிதான் செய்திருக்கிறார்கள். மூடி வைத்த புத்தகத்தில் அந்த வரியை யார் வாசிப்பது? காலி வீதி பஸ்ஸில் நிற்கிற பொக்கெட் அடிக்கிறவனிடம் மெஷின் கிடையாது. அவனிடம் இருப்பது பாதி உடைத்த பிளேட். பிளேட்டுக்கு நாடாவும் ஒன்றுதான், அலுமினியத் தாளும் ஒன்றுதான். அந்த வார்த்தைக்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

கண்ணாடி மாதிரித் தெரிகிற மெல்லிய பிவிசி உறையையும் விட்டுவிடுங்கள். வெக்கையில் அது இளகி, பிரிண்ட் பண்ணிய எழுத்தைத் தாளில் இருந்து உரித்துத் தன்னில் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் மெஷினில் வருகிற டிக்கெட், போர்டிங் பாஸ் மாதிரி சூட்டில் அச்சாகிற தாள் என்றால் எழுத்தே மங்கிப் போகும். என்னிடம் இப்போதும் ஓர் உறை இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை, ஆனால் பிளாஸ்டிக்கில் என் பெயரின் பாதி தலைகீழாகத் தெரியும்.

அப்புறம் நான் என்ன செய்தேன்? எங்கள் ஒழுங்கையில் தைக்கிற அக்காவிடம் போனேன். பருத்தித் துணி, 15க்கு 11 சென்ரிமீற்றர், இரண்டு தட்டு. வாய் மேலே இல்லை, பக்கவாட்டில், அது உடம்புப் பக்கமாகத் திரும்பி இருக்கும்படி. தட்டையான ஸிப். நாடா கழுத்தில் இல்லை, ஒரு தோளில் இருந்து மறுபக்க விலா வரைக்கும் குறுக்கே, சேர்ட்டுக்கு உள்ளே, பூணூல் போடுகிற மாதிரி. பை அக்குளுக்குக் கீழே நான்கு விரல் தள்ளி இருக்கும், கையைத் தொங்கவிட்டால் கையே அதை மூடிக்கொள்ளும். முதல் தடவை தைத்தபோது நாடா மெல்லிசு, தோளை அறுத்தது, கழற்றி ஓர் அங்குல அகலத்தில் மாற்றித் தந்தா. முந்நூறு ரூபாய் கேட்டா, ஐந்நூறு கொடுத்தேன். ‘இதுக்கு ஏன் தம்பி ஐந்நூறு, பாவாடைக்குப் பொக்கெட் வைக்கிற வேலைதானே’ என்றா.

அந்த வார்த்தையில் பிடித்துக்கொண்டது என் மனைவி. ஆம்பிளைகளுக்கு ஆறு பொக்கெட், அதற்கு மேல் கழுத்தில் பை, இடுப்பில் பெல்ட் என்று ஆராய்ச்சி வேறு, எங்கள் சல்வாரில் ஒரு லிப்பாம் வைக்க இடம் இருக்கிறதா என்று கேட்டாள். நியாயம்தான், பதில் இல்லை. கட்டுநாயக்கவுக்குப் போகிற பஸ்ஸில் வெளிநாட்டு வேலைக்குப் போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள், பாஸ்போட், மெடிக்கல், கொன்ட்ராக்ட் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பேக்கில் சுற்றி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருப்பார்கள். பஸ் குலுங்கினால் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லை. உள்பாவாடையில் ஸிப் வைத்த பொக்கெட் ஒன்று இருந்தால் அந்தக் கை இரண்டும் சும்மா இருக்கும். கடைகள் அதை விற்பதில்லை, மினுக்கமான கழுத்துப் பையைத்தான் விற்கும்.

இரண்டு விஷயம் சொல்லிவிட்டு விடுகிறேன். ஐசியையும் பாஸ்போட்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். ஒன்று தொலைந்தால் பொலிஸ் என்ட்ரி போடப் போகும்போது நீங்கள் யார் என்று காட்ட மற்றது வேண்டும். எல்லாம் சேர்ந்து தொலைந்தால் கிராம சேவகரிடம் இருந்து ஆரம்பித்து அலைய வேண்டும், 2024இல் பாஸ்போட் தட்டுப்பாட்டில் பத்தரமுல்லை பாஸ்போட் ஒபிஸில் இரவிரவாக வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள். மற்றது, உள்ளே போடும் பையை எயார்போட் வரிசையில் நின்று சேர்ட்டைத் திறந்து எடுக்க வெளிக்கிடாதீர்கள், நான் செய்தேன், பார்க்க நன்றாக இருக்கவில்லை. உள்ளே போனதும் டொய்லெட்டில் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் ஸ்கேனர் தட்டில் போடவும் சுகம்.

அம்மா அடுத்த வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் போகிறா. மச்சானின் பையைக் கொடுத்தேன், முகர்ந்து பார்த்துவிட்டு ‘பிளாஸ்டிக் மணக்குது’ என்று மேசையில் வைத்துவிட்டா, இப்போது அதில் என் பிள்ளையின் கலர் பென்சில் இருக்கிறது. அக்காவிடம் இரண்டாவது பைக்குத் துணி கொடுத்திருக்கிறேன், இந்த முறை இடுப்புக்கு. ஸிப் மட்டும் கிடைக்கவில்லை. இரண்டாம் குறுக்குத் தெருவில் கேட்டேன், தடித்த இரும்பு ஸிப்தான் வைத்திருக்கிறார்கள், அது அம்மாவுக்குக் குத்தும். மெல்லிய நைலோன் ஸிப் ஏழு அங்குலத்தில் எந்தக் கடையில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வியாழனுக்கு முதல்.