"தேப்பன் வரேல்லையோ?"

ஆடிப்பிறப்புக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்த மாமி ஒருவர், முற்றத்தில் நின்ற அக்காவின் மகனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "தேப்பன் வரேல்லையோ?" நானும் யோசிக்காமல் "லீவு கிடைக்கேல்லை மாமி" என்று சொல்லிவிட்டேன்.

பெடியனுக்கு ஒன்பது வயது. கனடாவில், ஸ்காபரோவில் பிறந்தவன். என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும் என்பதால், அவனுக்கு ஒன்றும் விளங்காது என்ற நினைப்பில் எல்லாவற்றையும் அவன் முன்னாலேயே கதைத்துவிடுவோம். அக்காவும் அத்தானும் மாசியில் பிரிந்துவிட்டார்கள். இப்போது அவனுக்கு ஒரு கிழமை அம்மா வீடு, மறுகிழமை அப்பா வீடு. ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டியதும், செப்டம்பர் வரை அம்மம்மாவோடு நிற்கட்டும் என்று அக்கா கொண்டுவந்து விட்டுப் போனாள்.

அடுத்த நாள் ஆடிக்கூழ். அம்மா அவனைக் குசினி வாசலில் இருத்தி, கூழ் குடிக்கப் பலாவிலை கோலி ஈர்க்குக் குத்தப் பழக்கினார். முதல் நாலைந்து இலை கிழிந்தது. ஈர்க்கு எங்கே குத்த வேண்டும் என்று பிடிபட்ட பிறகு, தலை நிமிராமல் அடுக்கிக்கொண்டே போனான். அப்படியே கேட்டான்: "அம்மம்மா, லீவு கிடைச்சா அப்பா வருவாரா?"

அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அதனால் அவருக்கென்று அவனிடம் கொஞ்சத் தமிழ் இருந்திருக்கிறது.

தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். கூழ் அடிப்பிடித்துவிடும், கையை எடுக்க முடியாது. "இஞ்சை வரமாட்டார் ராசா. அம்மாவும் அப்பாவும் இனி ஒரு வீட்டிலை இருக்க மாட்டினம். நீ ரெண்டு பேருக்கும் பிள்ளைதான். அந்தத் தேங்காய்ச்சொட்டை எடு."

அவன் எடுத்துக் கொடுத்தான். எனக்குத்தான் திக்கென்றது. பிறகு கிணற்றடியில் வைத்து, "சின்னப்பிள்ளையிட்டை இப்பிடியே போட்டு உடைக்கிறது?" என்று சண்டைக்குப் போனேன்.

"உனக்கு ரெண்டு நாள் எண்டு சொன்னனான். நீ எத்தினை நாள் எண்ணினனி?" என்றார்.

1995 ஒக்டோபர் 30, போரால் யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்த நாள். எனக்கு அப்போது எட்டு வயது. மழைக்குள் செம்மணி வெளியால் சனத்தோடு சனமாக நடந்தபோது, பூனையை விட்டுவிட்டு வந்தேன் என்று அழுத எனக்கு அம்மா சொன்ன சமாதானம் அது: ரெண்டு நாளிலை திரும்பிடலாம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டு நான் நாள் எண்ணினேன். திரும்பி வந்தது 1996 வைகாசியில். பூனை இல்லை. அதைவிட, அந்த ரெண்டு நாளை ஏன் நம்பினேன் என்ற கோபம்தான் கனகாலம் இருந்தது.

எங்கள் ஊரில் பிள்ளைக்கு உண்மை சொல்லாததற்குப் பெயர் பாசம். நான் சொல்கிறேன், பாதி அது வெட்கம். நாலு பேருக்குத் தெரியக்கூடாது என்று மாமிக்குச் சொன்ன பொய்யை, பக்கத்தில் நின்ற பிள்ளை நம்பிக்கையாக எடுத்துக்கொண்டு இரவு முழுக்க வைத்திருந்திருக்கிறான். விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் "அம்மாவிலை விருப்பமோ, அப்பாவிலை விருப்பமோ" என்று சிரித்துக்கொண்டு கேட்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். மாம்பழம் சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும்.

அவன் அன்றோடு சரியாகிவிட்டான் என்று சொல்லமாட்டேன். ஒரு கிழமை சோறு இறங்கவில்லை. ஒரு நாள் அப்பாவின் போனை எடுக்கமாட்டேன் என்று படலையடியில் போய் இருந்தான். அம்மா கூப்பிடவில்லை, கொஞ்சத் தூரம் தள்ளியிருந்து முருங்கையிலை உருவினார். அரை மணித்தியாலம் கழித்து அவனும் ஒரு கெட்டை எடுத்து உருவத் தொடங்கினான்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போனோம். மேல்சட்டை கழற்றச் சொன்னதும் பட்ட கூச்சத்தைப் பார்க்க வேண்டும்! திரும்பும்போது கடையில் மண் உண்டியல் இரண்டு கேட்டான், ஒரே மாதிரி. கூட்டாளிக்கா என்றேன். "ஒண்டு அம்மா வீட்டுக்கு, ஒண்டு அப்பா வீட்டுக்கு."

போகும் நாள் பெட்டியை நிறுத்துப் பார்த்தால் இரண்டு கிலோ கூட. பனாட்டையும் ஒடியல் மாவையும் எடுத்து வெளியே வைத்தோம். அம்மம்மாவின் பழைய சேலையில் சுற்றியிருந்த உண்டியல்களில் கைவைக்க அவன் விடவில்லை.